பஞ்சு ஒட்டிய வாரம்

வாங்க டீச்சர், உள்ள வாங்க. நீங்கதானா அது. புது டீச்சர் ஒண்ணு வாராவன்னு ஆயா காலையிலயே சொல்லிட்டா. அந்த நாற்காலியில உக்காருங்க. எல்.கே.ஜி. பிள்ளையளுக்குச் செஞ்சது, சின்னதாத்தான் இருக்கும், ஆனா தாங்கும். இத்தனை வருசமா நான் அதுலதான் உக்காருதேன். என் உடம்பையும் பாத்துக்கிடுங்க.

வகுப்புச் சாவி மேசை மேல கெடக்கு. தொடாதிய. இன்னும் தொடாதிய. பிள்ளைய எல்லாம் வெளியில ஜெபத்துல நிக்கு. ஜெபம் முடிஞ்சதும் டாக்டர் வருவாரு, வந்து கரஸ்பாண்டெண்ட் ஐயா ரூம்ல உக்காருவாரு. நான் அங்க போய், "தப்பு எம்மேலதான் டாக்டர், மன்னிச்சிடுங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லணும். சொல்லிட்டா இந்த வகுப்பு எனக்கு. சொல்லாட்டா உங்களுக்கு. என்னைய மூணாம் வகுப்புக்குத் தூக்கிப் போட்டுருவாவ. இதான் உத்தரவு. உங்க மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல, நீங்க என்ன செய்வியோ, வரச் சொன்னாவ, வந்திருக்கிய. ஆனா நான் சொல்ல மாட்டேன். இந்த எப்சிபா டீச்சர் வாயில இருந்து அது வராது. அதை உங்ககிட்ட முதல்லயே சொல்லிட்டேன்.

என்ன நடந்துச்சுன்னு உங்ககிட்ட ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்ணு சொல்லுவாவ. டீச்சர் பிள்ளையளை அம்போன்னு விட்டுட்டுப் போயிட்டாவம்பாவ. டாக்டர் மகளை அலமாரிக்குப் பின்னால அடைச்சு வச்சாவம்பாவ. அடைச்சு வச்சேனாம். அதனால எங்கிட்டயே கேட்டுக்கிடுங்க. செத்த நேரம் இருக்கு.

எங்க பள்ளிக்கூடத்துல வாரத்துக்கு ஒரு கதை. அந்த ஒரு கதைக்குள்ளதான் பாட்டு, படம், எண்ணிக்கை, விளையாட்டு எல்லாம். போன வாரம் காணாமப்போன ஆடு. நூறு ஆடு வச்சிருக்கான் ஒருத்தன், ஒண்ணு காணாமப் போகுது, மிச்சம் தொண்ணூத்தொம்பதையும் காட்டுல விட்டுட்டு அந்த ஒண்ணைத் தேடிப் போறான், கண்டுபிடிச்சுத் தோள்ல தூக்கிட்டு வாறான். உங்களுக்குத் தெரியாததா. பிள்ளையளுக்கு இதை விட நல்ல கதை கெடையாது டீச்சர். ஒவ்வொண்ணும் தன்னையத்தான் அந்த ஆடுன்னு நினைக்கும்.

திங்கக்கிழமை கதை சொன்னேன். அந்தா சாஞ்சு நிக்குல்லா ஃபிளானல் பலகை, அதுல ஆட்டை ஒட்டி ஒட்டிக் காட்டணும். ஒரு ஆட்டை மட்டும் எடுத்து என் முந்தானைக்குள்ள ஒளிச்சு வச்சுக்கிடுவேன். எங்க போச்சு, எங்க போச்சுன்னு தேடுவேன். பிள்ளைய அழுதுரும். அழாத பிள்ளையே கெடையாது. அப்புறம் முந்தானையில இருந்து எடுத்துக் காட்டும்போது சிரிக்கும் பாருங்க, அந்தச் சிரிப்புக்காகத்தான் நான் இந்த வகுப்பை விட மாட்டேங்கேன். மூணாம் வகுப்புப் பிள்ளை அப்படிச் சிரிக்குமா? அதுக்கு எல்லாம் தெரிஞ்சு போயிரும்.

செவ்வாக்கிழமை பஞ்சு ஒட்டுறது. அட்டையில ஆடு வரைஞ்சு குடுத்துருவேன், பிள்ளைய பசை தடவிப் பஞ்சு ஒட்டும். ஆட்டுல பாதி, சட்டையில பாதி, பக்கத்துப் பிள்ளை தலையில கொஞ்சம். அன்னைக்குத்தான் வெள்ளிக்கிழமை நாடகத்துக்கு யார் யாருக்கு என்னன்னு பிரிச்சு விட்டேன். வெள்ளிக்கிழமை பெற்றோர் எல்லாரும் வருவாவ, கரஸ்பாண்டெண்ட் ஐயா வருவாவ. மேய்ப்பன் ஜெர்வின். சத்தமாப் பேசுவான், கீழ விழுந்தாலும் எந்திரிச்சு மிச்சத்தைப் பேசுவான். காணாமப்போன ஆடு ஆஷ்லின். டாக்டர் மக. மத்த எல்லாரும் தொண்ணூத்தொம்பது. இருக்கறது இருபத்திச் சொச்சம்தான், ஆனா மேடையில நின்னா யாரு எண்ணுதா.

ஆஷ்லினை ஏன் போட்டேன்னு கேட்டாவ. டாக்டர் பிள்ளைன்னா போட்டேன்? எனக்குப் பட்சபாதம் கெடையாது டீச்சர், இந்த ஊர்ல யாரை வேணும்னாலும் கேளுங்க. அந்தப் பிள்ளைகிட்ட வெள்ளை ஃப்ராக் இருந்துது, கீழ வரைக்கும் ஜாலர் வச்சது. ஆடுன்னா வெள்ளையாத்தானே இருக்கணும். பிள்ளையும் பளிச்சுன்னு இருக்கும். மேடையில நிறுத்தினா கடைசி வரிசைக்கும் தெரியணும்லா. அதுக்காகத்தான். நானே கருப்புதான், பாக்கியல்லா, எனக்கு அப்படி எல்லாம் கெடையாது.

அன்னைக்கு மத்தியானம் எல்லாரும் கை கழுவப் போன பிறகு ஒரு பிள்ளை மட்டும் என் சேலையைப் பிடிச்சுட்டு நிக்கு. பிரியா. முழுப்பேர் இசக்கிபிரியா, இசக்கியம்மன் பேரு. வகுப்புல சிலுவையை வச்சுக்கிட்டு எதுக்கு முழுப்பேருன்னு நான் பிரியான்னுதான் கூப்பிடுவேன். செல்லமாவும் இருக்குல்லா. அவ அம்மை மாடத்தி பீடி சுத்துத பொம்பளை, வருசம் பாதி போன பிறகு கொண்டு வந்து சேத்துட்டா. பேசவே பேசாது அந்தப் பிள்ளை. ஒரு ஓரமா உக்காந்துகிட்டு முழிச்சு முழிச்சுப் பாத்துட்டே இருக்கும். அன்னைக்கு அதுவா வந்து கேக்கு:

"மிஸ், நான் தொலைஞ்சு போகட்டா?"

எனக்குச் சிரிப்பு வந்துட்டு. "எட்டி, நீ தொண்ணூத்தொம்பதுல ஒண்ணு. அதுதாம்ட்டி நல்ல பார்ட்டு. தொலையாம, அலையாம, நின்ன இடத்துல புல்லைத் தின்னுட்டு நிக்கலாம்"னு சொன்னேன். தலையை ஆட்டிட்டுப் போயிட்டா. நல்ல பிள்ளை. ஒண்ணு சொன்னா மறுவார்த்தை பேசாது. பாத்தியளா, எனக்குப் பட்சபாதம் இருந்தா இதை எல்லாம் உக்காந்து எடுத்துச் சொல்லிட்டு இருப்பேனா?

புதன்கிழமை ஒண்ணும் விசேசம் இல்ல. 'ஆ' போட்டோம், ஆடு போட்டோம், ஒண்ணு முதல் பத்து வரைக்கும் ஆட்டை எண்ணினோம். எல்லாரையும் மேன்னு கத்த வச்சேன். அடுத்த வகுப்பு டீச்சர் வந்து கதவைச் சாத்திட்டுப் போனாவ. சாத்தட்டும். அவிய வகுப்புப் பிள்ளைய வாயில விரலை வச்சுட்டு உக்காந்திருக்கும், பாத்தா பாவமா இருக்கும்.

வியாழக்கிழமை ஒத்திகை. இங்கதான் கவனமாக் கேக்கணும்.

இந்த வகுப்புக்குள்ளதான் ஒத்திகை. ஆஷ்லினை நானே கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய், அந்தா தெரியுதுல்லா பொம்மை அலமாரி, அதுக்குப் பின்னால உக்கார வச்சேன். "மேய்ப்பன் வந்து கூப்பிடுற வரைக்கும் அசையக் கூடாது"ன்னேன். சரின்னுச்சு. இதுவா அடைச்சு வச்சது? அலமாரிக்குக் கதவா இருக்கு அந்தப் பக்கம்? ஜெர்வின் கோலோட நிக்கான். மத்ததெல்லாம் நாலு கால்ல. மேய்ப்பன் ஆடுகளை எண்ணணும், அப்பதான் ஒண்ணு குறையுதுன்னு தெரியும். அவனுக்குப் பத்துக்கு மேல வராது, அதனால நான் கூடச் சேந்து எண்ணுதேன். எண்ணினா ஒண்ணு இல்ல, ரெண்டு குறையுது. மறுபடி எண்ணினேன். ரெண்டு.

பிரியா இல்ல.

கதவு திறந்து கெடக்கு. நீங்க இப்பதான் வந்திருக்கிய, உங்களுக்குத் தெரியாது. வாசலைத் தாண்டினா மெயின் ரோடு, திருச்செந்தூர் பஸ் எல்லாம் அதுலதான் பறக்கும். பக்கத்துல வேதக்கோயிலுக்குப் பின்னால கிணறு, சுவர் இடுப்பளவுதான். ஆயா பால் வாங்கப் போயிட்டா. ஹெட்மிஸ்ட்ரஸ் லீவு. நான் என்ன செய்யணும் சொல்லுங்க. இருபத்திச் சொச்சம் பிள்ளையளுக்குக் காவல் இருந்துகிட்டு, ஒண்ணு கிணத்துல விழுந்தா விழட்டும்னு உக்காந்திருக்கணுமா? "ஆடுங்க எல்லாம் இங்கயே நிக்கணும், யாரும் அசையக் கூடாது"ன்னு ஒரு சத்தம் போட்டுட்டு ஓடினேன். இந்த முட்டியை வச்சுக்கிட்டு ஓடினேன் டீச்சர்.

ரோட்டைப் பாத்தேன், கெடையாது. கிணத்தை எட்டிப் பாத்தேன், தண்ணியில என் முகம்தான் தெரிஞ்சுது. பிரியா, பிரியான்னு கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கம்மிட்டு. கடைசியில கோயிலுக்குப் பின்னால சமையல் கொட்டகைகிட்ட நின்னு, வந்தது வரட்டும்னு, "ஏட்டி இசக்கிபிரியா"ன்னு அலறினேன்.

"மே"ன்னுச்சு.

எங்க இருந்துன்னு நினைக்கிய? அசன வார்ப்புக்குள்ள இருந்து. எங்க கோயில்ல அசனப் பண்டிகைக்கு ஊருக்கே சோறாக்குற செம்பு வார்ப்பு, நாலு ஆம்பளை சேந்து தூக்கணும், அதை ஒருச்சாய்ச்சுப் போட்டிருப்பாவ. அதுக்குள்ள உக்காந்திருக்கா. கையில, காலுல, கன்னத்துல, தலையில எல்லாம் பஞ்சு. செவ்வாக்கிழமை ஒட்டின ஆட்டைப் பிச்சு, தன் உடம்புல ஒட்டிட்டு இருக்கா. அடிக்கணும்னுதான் கையை ஓங்கினேன். என்னையப் பாத்துச் சிரிக்கா. அந்தப் பிள்ளை சிரிச்சு நான் பாத்ததே அன்னைக்குத்தான். ஓங்கின கை அப்படியே நின்னுட்டு.

"ஏண்டி இப்படிச் செஞ்ச?"ன்னேன். ரெண்டு கையையும் மேல தூக்கிட்டு, "தோள்ல மிஸ்"ங்கா.

தூக்கினேன். தோள்ல போட்டுத்தான் தூக்கிட்டு வந்தேன். அந்த வெயில்ல, வேர்த்து ஒழுகி, பஞ்சு எல்லாம் என் கழுத்துல ஒட்ட, மைதானத்துக்கு நடுவுல நடந்து வாறேன். நான் சொல்லுதேன் டீச்சர், இத்தனை வருசமா இந்தக் கதையைச் சொல்லிட்டு இருக்கேன், அன்னைக்குத்தான் எனக்கே விளங்கிச்சு. கதையில வாற மேய்ப்பனுக்கு யாராவது மெமோ குடுத்தாவளா? தொண்ணூத்தொம்பதையும் ஏண்டா விட்டுட்டுப் போனன்னு ஒருத்தராவது கேட்டாவளா? அதை அங்க கோயில்ல நின்னு உருக உருகப் பிரசங்கம் பண்ணுவாவ. நான் செஞ்சா மட்டும் உத்தரவு வரும்.

சரி, வந்து பாக்கேன். நல்ல நேரம்தான். கரஸ்பாண்டெண்ட் ஐயா வெளியூர்ல இருந்து வந்த ரெண்டு பேரைக் கூட்டிட்டு, "இது எங்க மழலையர் வகுப்பு"ன்னு காட்ட வந்து நிக்காவ. வராந்தாவுல என் பிள்ளைய மொத்தமும் நாலு கால்ல நிக்கு. ஐயா ஆசையா வளர்த்த ரோஜாச் செடித் தொட்டியைச் சுத்தி மே மேன்னு கத்திக்கிட்டு இலையை எல்லாம் மென்னுட்டு இருக்கு. புல்லைத் தின்னுட்டு நிக்கணும்னு நான்தானே சொல்லிக் குடுத்தேன். சொன்னதைச் செய்யுத பிள்ளைய. ஒருத்தனுக்கு முள்ளு குத்தி உதடு வீங்கிப் போச்சு, அது தனிக் கதை.

ஐயாவுக்கு முகம் சிவந்துட்டு. "என்ன டீச்சர் இது?"ன்னாவ. நான் தோள்ல இருந்த பிள்ளையைக் காட்டி, "காணாமப்போனதைக் கண்டுபிடிச்சுட்டேன் ஐயா"ன்னேன். என் பிள்ளைய எல்லாம் கை தட்டுச்சு. ஜெர்வின் கோலை மேல தூக்கிட்டுக் குதிக்கான். அப்படி ஒரு சந்தோசம். பிரியாவை இறக்கி விட்டு, முகத்தைக் கழுவி, பஞ்சை எடுத்து, பால் குடுத்து, எல்லாரையும் உக்கார வச்சு, ரோஜாச் செடிக்கு ஐயாகிட்ட ஏச்சும் வாங்கிட்டு நிமுந்தேன். அப்பதான் வாசல்ல டாக்டர் கார் வந்து நிக்கு. மகளைக் கூப்பிட வந்திருக்காரு.

ஆஷ்லின்.

சுத்தமா மறந்துட்டேன் டீச்சர். அலமாரிக்குப் பின்னாலயே இருக்கு. மேய்ப்பன் வந்து கூப்பிடுற வரைக்கும் அசையக் கூடாதுன்னு நான் சொன்னேம்லா, அசையாம இருந்திருக்கு. அழுது அழுது, ஃப்ராக் எல்லாம் நனைஞ்சு, அப்படியே சுவர்ல சாஞ்சு தூங்கிட்டு. டாக்டரே போய்த் தூக்கிட்டு வந்தாரு.

கத்தினாரு பாருங்க. "எம்பிள்ளையத் தேடணும்னு ஒருத்தருக்கும் தோணலையா?"ங்காரு. "ஏதோ ஒரு பிள்ளையத் தேடி ஊரெல்லாம் ஓடத் தெரிஞ்சுது, வகுப்புக்குள்ள இருக்க பிள்ளையத் தெரியலையா?"ங்காரு. பிள்ளைய எல்லாம் வாயைப் பிளந்து பாக்கு. பிள்ளைக்கு முன்னால டீச்சரைப் பேசலாமா? எனக்கும் வந்துச்சு கோவம். "டாக்டர், உங்க பிள்ளை தொலையலை. எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும், நான்தான் உக்கார வச்சேன். இருக்க இடம் தெரிஞ்ச பிள்ளையை யாராவது தேடுவாவளா? எது தொலைஞ்சுதோ அதைத்தான் தேடணும்"னு சொன்னேன். தப்பா அது? நீங்க பி.எட். படிச்சிருக்கிய, சொல்லுங்க, தப்பா?

மறந்தது மறந்ததுதான். அதை நான் இல்லைங்கலையே. ஆனா மன்னிப்புக் கேக்கச் சொல்லுத விதம் இருக்கு. அந்தாளு பாஸ்டரேட் கமிட்டியில, கோயிலையும் பள்ளிக்கூடத்தையும் நடத்துத கமிட்டியில இருக்காரு, அதனால கேளுங்காவ. மாடத்தி மக அலமாரிக்குப் பின்னால கெடந்திருந்தா, மாடத்திகிட்டப் போய் மன்னிப்புக் கேளுன்னு எனக்கு உத்தரவு வந்திருக்குமா? வந்திருக்காது. அதனாலதான் கேக்க மாட்டேங்கேன். நான் ஒரு பக்கம் சாயுத ஆளு கெடையாது.

அன்னைக்குச் சாயங்காலம் கரஸ்பாண்டெண்ட் ஐயா கூப்பிட்டுச் சொன்னாவ, "மன்னிப்பை அப்புறம் பாத்துக்கிடலாம் டீச்சர். நாளைக்கு நாடகம் ஒழுங்கா நடக்கணும். டாக்டர் மகதான் ஆடு. அந்த ஓடிப்போற பிள்ளை மேடையில வேண்டாம், ஆயாகூடப் பின்னால உக்கார வைங்க"ன்னு. சரின்னுட்டேன். அதுல என்ன இருக்கு? எல்லாத்துக்குமா மல்லுக்கட்ட முடியும். எதுல விட்டுக் குடுக்கலாம், எதுல கூடாதுன்னு ஒரு கணக்கு இருக்குல்லா. மன்னிப்பு என் மானப் பிரச்சினை, அதுல விட மாட்டேன். இது சும்மா நாடகம். தொண்ணூத்தொம்பதுல ஒண்ணு குறைஞ்சா யாரு எண்ணப் போறா?

வெள்ளிக்கிழமை வந்துச்சு. ஹால் நிறைய ஆளு. பிரியா வாறா, எப்படி வாறா தெரியுமா? வீட்டுலயே சோத்துப் பருக்கையை வச்சு, கையி காலெல்லாம் பஞ்சை ஒட்டிட்டு வந்திருக்கா. மாடத்தி அன்னைக்குப் பீடித் தட்டை ஒதுக்கி வச்சுட்டு, குளிச்சு, நல்ல சேலையாக் கட்டிட்டு வந்து கதவோரமா நிக்கா. பிள்ளை நாடகத்துல இல்லைன்னு அவகிட்டச் சொல்லணும்னு நினைச்சேன். எங்க நேரம்? மைக்கு இரைய ஆரம்பிச்சுட்டு, ஒருத்தனுக்கு மூத்திரம் வந்துட்டு. பிள்ளையைக் கொண்டு போய் ஆயா பக்கத்துல உக்கார வச்சேன். உக்காந்துக்கிட்டா.

நாடகம் நல்லாத்தான் போச்சு. மேய்ப்பன் எண்ணினான், ஒண்ணு குறையுதுன்னான், ஐயோ என் ஆடுன்னான். அட்டையில செஞ்ச செடி ஒண்ணு, அதுக்குப் பின்னால ஆஷ்லின். நேரா அங்க போகணும். இந்த ஜெர்வின் பய என்ன செய்தாங்கிய? செடியைத் தாண்டி, மேடையை விட்டு இறங்கி, ஹாலுக்கு நடுவுல நடந்து, கடைசி வரைக்கும் போயிட்டான். போய்ப் பிரியா முன்னால நின்னு, "என் ஆட்டைக் கண்டுபிடிச்சுட்டேன்"னு ஒரு கத்து. அவளைத் தோள்ல தூக்கப் பாத்து ரெண்டும் கீழ விழுந்து எந்திரிச்சு, கையைப் பிடிச்சு இழுத்துட்டு மேடைக்கு வந்துட்டான். ஆளுவ எல்லாம் சிரிச்சுக் கை தட்டுதாவ. என்ன நடக்குதுன்னு அவியளுக்குத் தெரியுமா. செடிக்குப் பின்னால ஆஷ்லின் ஓன்னு அழ ஆரம்பிச்சுட்டு. டாக்டர் எந்திரிச்சு நிக்காரு.

நான் ஓரத்துல நின்னு, "லேய், இது இல்லலே, அந்த ஆடுலே"ங்கேன். அவன் என்னையத் திரும்பிப் பாத்து, மைக்குல, "அது எங்க இருக்குன்னு தெரியுமே மிஸ்"ங்கான்.

வேற டீச்சரா இருந்தா வெலவெலத்துப் போயிருப்பாவ. எனக்கு அனுபவம் இருக்குல்லா. நானே மேடையில ஏறினேன். பிரியா கையைப் பிடிச்சு இறக்கி, கொண்டு போய்ப் பழைய இடத்துல உக்கார வச்சேன். ஜெர்வின் காதைத் திருகி, செடிகிட்ட நிறுத்தினேன். ஆஷ்லின் மூக்கைத் துடைச்சு விட்டேன். ஒரு நிமிசத்துல எல்லாம் சரி. கண்டுபிடிச்சான், பாட்டுப் பாடினோம், கை தட்டுனாவ, முடிஞ்சுது. அவ்வளவு பெரிய குழப்பத்தை அப்படிச் சமாளிச்சேன், அதுக்கு ஒரு நல்ல வார்த்தை உண்டா? எம்பிள்ளையை ரெண்டாம் தடவையும் அழ வச்சுட்டாவன்னு டாக்டர் நிக்காரு. குதிரை கீழ தள்ளுனதும் இல்லாம குழியும் பறிச்ச கதைதான்.

அவளா? பிரியாவா? அவ அழலை. கூட்டிட்டுப் போகும்போது, "நான் தொலையலையா மிஸ்?"னு கேட்டா. "இல்லட்டி, நீ இங்கதான இருக்க"ன்னு சொன்னேன். அதுக்கு மேல ஒண்ணும் கேக்கலை. சொன்ன பேச்சுக் கேக்குத பிள்ளைன்னு சொன்னேம்லா. மாடத்தி வந்து கூட்டிட்டுப் போயிட்டா. எங்கிட்டச் சொல்லிட்டுக்கூடப் போகலை. அப்படித்தான் இருக்காவ டீச்சர், நம்ம உயிரைக் குடுத்துத் தேடினாலும் ஒரு நன்றி வார்த்தை கெடையாது.

மணி அடிச்சுட்டு. ஜெபம் முடிஞ்சுது. எந்திரிக்க வேண்டாம், இருங்க, பிள்ளைய வரிசையா வரும், ஒவ்வொண்ணா உங்களுக்குக் காட்டுதேன். வகுப்பு யாருக்கு ஆனாலும் பிள்ளையளைத் தெரிஞ்சுக்கிடணும்லா. இந்தா முன்னால வாறாம்லா, கோலை இன்னும் கீழ வைக்காம, இவந்தான் ஜெர்வின். உதடு வீங்கினவன் இவன். பேரு அபிஷான். வீக்கம் வத்திட்டு. இது ஆஷ்லின். வா தாயி, சாப்பிட்டியா. பாருங்க, என்னையப் பாத்துச் சிரிக்குது. பிள்ளைக்கு ஒண்ணும் கெடையாது டீச்சர், எல்லாம் பெரிய ஆளுவ பண்ணுத கூத்து.

எந்தப் பிள்ளை? அவளையா கேக்கிய? கடைசியில வருவா. எப்பவும் கடைசியிலதான் வருவா. ஆயா, பிரியா எங்க? வரலையா?

வரலையாம். காய்ச்சலா இருக்கும். திங்கக்கிழமைன்னா பாதிப் பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், நீங்க போகப் போகப் பாப்பிய.

என்ன கேக்கிய? வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் யாராவது அந்த வீட்டுக்குப் போனாவளான்னா? யாரு போவா? எனக்கு ரெண்டு நாளா டாக்டர் சொன்னதுக்கு என்ன பதில் சொல்லணும், கரஸ்பாண்டெண்ட் கேட்டா என்ன சொல்லணும்னு அதே யோசனை. சனிக்கிழமை முழுக்க என் தம்பிகிட்ட இதைத்தான் சொல்லிட்டு இருந்தேன். ஞாயித்துக்கிழமை கோயில்ல பக்கத்துல உக்காந்தவகிட்ட இதைத்தான் சொன்னேன். இப்ப உங்ககிட்ட. போற வழியிலதான் மாடத்தி வீடு. நேத்து அந்தப் பீடிக்காரத் தெரு முனையிலதான் ஆட்டோவை விட்டு இறங்கினேன். எட்டிப் பாத்திருக்கலாம். எனக்குத் தோணலை.

தோணலை டீச்சர்.

நீங்க ஒண்ணும் சொல்லலை, எனக்குத் தெரியும். சும்மாதான் கேட்டிய. தண்ணி வேண்டாம். வேண்டாம்னு சொல்லுதேம்லா. அந்தப் பிள்ளை பருக்கையை வச்சு ஒட்டிட்டு வந்துச்சுன்னு உங்ககிட்ட நான்தானே சொன்னேன்? சிரிச்சுக்கிட்டே சொன்னேன். பருக்கை காஞ்சா தோலோட பிடிச்சுக்கிடும், பிய்க்கும்போது வலிக்கும். ராத்திரி மாடத்தி உக்காந்து பிய்ச்சிருப்பா.

என்ன ஆயா? டாக்டர் வந்துட்டாரா? ஐயா ரூம்ல உக்காந்திருக்காரா? உக்காரட்டும்.

டீச்சர், சாவியை எடுத்துக்கிடுங்க. எடுங்க, பரவாயில்லை. பாலைப் பத்து மணிக்குக் குடுத்துருங்க, ஜெர்வினை ஜன்னல் பக்கம் விடாதிய. எப்சிபா டீச்சர் எங்கன்னு கேப்பாவ. பீடிக்காரத் தெருவுக்குப் போயிருக்காவன்னு சொல்லுங்க. பள்ளிக்கூட நேரத்துல, வகுப்பை விட்டுட்டா போனாவன்னு கேப்பாவ. ஆமா, எல்லாத்தையும் விட்டுட்டுத்தான் போனாவன்னு சொல்லுங்க, பயப்படாமச் சொல்லுங்க. மூணாம் வகுப்புக்கு அனுப்பட்டும், வீட்டுக்கே அனுப்பட்டும். எங்கிட்ட இருக்கது ஒரே ஒரு மன்னிப்பு. அதை டாக்டருக்குக் குடுத்துட்டா மாடத்தி வீட்டு வாசல்ல நின்னு நான் என்னத்தைச் சொல்லுவேன்.